டர்பன்டைன் கன்றுக்கு என்ன குறை? இலையைப் பார்த்து அறிந்துகொள்வோம்



பிரட்டுக்களத்திலும் லயங்களிலும் நாங்கள் சந்திக்கும் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, நட்ட டர்பன்டைன் கன்று பழுத்துப் போகுது. என்னா உரம் போடுறது?" என்பதே அது.

இக்கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அப்படி ஒரு வரியில் பதில் சொன்னதால்தான் நாங்கள் ஒரு தடவை பெரிய பிழை விட்டோம். அந்தப் பிழையையும் மறைக்காமல் சொல்லி, அதிலிருந்து படித்த பாடத்தை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நம் மரம்

நாம் டர்பன்டைன் என்று சொல்லும் மரத்தைப் புத்தகங்களில் யூக்கலிப்டஸ் என்று எழுதுவார்கள். பைனஸ் மரம் வேறு, இது வேறு. இதன் தாய்நாடு அவுஸ்திரேலியா. இதில் பல நூறு இனங்கள் உண்டு. நம் மலைநாட்டில் அதிகமாக நட்டிருப்பது கிராண்டிஸ் என்னும் இனம். ரொபஸ்டா, மைக்ரோகோரிஸ் என்னும் இனங்களும் உண்டு.

தேயிலை ஸ்டோரில் கொழுந்தைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு, கம்பங்களுக்கும் பலகைக்கும் மரம், நம் வீட்டு அடுப்புக்குக் கிளையும் சுள்ளியும் என்று இந்த மரம் பல வழியில் உதவுகிறது. வெட்டிய அடிக்கட்டையில் மறுபடியும் துளிர்த்து வளரும் குணமும் இதற்கு உண்டு.

2022 ஆம் ஆண்டு காஸ் சிலிண்டரும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நாட்டு மக்கள் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரம் விறகின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. அதற்கு முதல் வருடம், 2021 இல், இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த வருட முடிவுக்குள் தடை நீங்கினாலும் உரத்தின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. ஆகவே இன்று ஒரு கிலோ உரத்தைத் தேவையில்லாமல் கொட்டுவதும் பெரிய நட்டம்தான். எந்த மரத்துக்கு எது குறை என்று கண்டுபிடித்த பிறகே உர மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

நாங்கள் விட்ட பிழை

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தோட்டத்தில், கைவிடப்பட்ட தேயிலை மலை ஒன்றில் டர்பன்டைன் கன்றுகள் நடப்பட்டன. லயத்துக் குடும்பங்களும் கைகொடுத்தார்கள். கவ்வாத்துச் செய்யும் கிளைகள் எல்லாம் லயத்து அடுப்புக்கு. மரம் வளர்ந்து கம்பமாக விலைபோகும்போது ஒரு பங்கு லயத்து நலன்புரிச் சங்கத்துக்கு. இதுதான் பேச்சு. அந்தப் பணத்தில் பிள்ளைகள் மடுவத்தின் கூரையை மாற்ற வேண்டும் என்று தாய்மார் அன்றே தீர்மானித்துவிட்டார்கள்.

முதல் வருடம் கன்றுகள் நன்றாக வந்தன. இரண்டாம் வருடம் மழை விட்ட காலத்தில் பல கன்றுகள் வெளிறி நின்றன. நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். "மஞ்சள் என்றால் நைதரசன் குறை, யூரியா போடுவோம்" என்று முடிவு செய்தோம். கிட்டப்போய் ஒரு இலையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. மழை வந்ததும் யூரியா போட்டோம். கன்றுகள் மளமளவென்று எழும்பின. எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த வறட்சியில்தான் வினை தெரிந்தது. கன்றுகளின் தலை காய்ந்தது. நுனி கருகி, அதற்குக் கீழே நாலைந்து துளிர் ஒன்றாகக் கிளம்பி, மரம் பற்றை போலாகிவிட்டது. இன்னும் யூரியா போடுவோமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த ஒரு அம்மா எங்களிடம் வந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. பசின்னா கெழட்டு எலதானே மொதல்ல பழுக்கும்? இங்க அடி எல பச்சையா இருக்கு. கொழுந்துதான் கருகுது. இது வேற நோவு" என்றார்.

அப்போதுதான் கிட்டப்போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது முழுக்கச் சரி. இளம் இலைகள் தடித்து, வளைத்தால் பட்டென்று முறிந்தன. இலையின் அடிப்பக்கத்து நரம்பில் தக்கை போல மண்ணிறமாகத் தடிப்பு இருந்தது. தோட்ட நிர்வாகத்தின் உதவியோடு இலை மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நைதரசன் போதுமான அளவு இருந்தது. குறைந்திருந்தது போரன் என்னும் சத்து. நாங்கள் போட்ட யூரியா கன்றை வேகமாக வளரச் செய்து, இருந்த கொஞ்சப் போரனும் போதாமல் ஆக்கிவிட்டது.

பிறகு போரன் கொடுத்தோம். புதிய துளிர் நேராக வந்தது. ஆனால் ஏற்கெனவே தலை காய்ந்து கவடு விட்ட மரங்கள் கம்பத்துக்கு உதவாமல் போயின. அவை விறகுக்கு மட்டும்தான். மடுவத்துக் கூரை சில வருடம் தள்ளிப்போனது. இலையைக் கையில் எடுத்துப் பார்க்காத அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

பாடம் 1: முதலில் இது சத்துக் குறைதானா?

இலை நிறம் மாறினால் உடனே சத்துக் குறை என்று முடிவு கட்டக் கூடாது. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. களை: கன்றைச் சுற்றி மானாப்புல் அடர்ந்திருந்தால் கன்றுக்குச் சேர வேண்டிய தண்ணீரையும் நைதரசனையும் புல்தான் சாப்பிடும். அப்போது உரம் போட்டால் புல்தான் கொழுக்கும். கன்றைச் சுற்றி மூன்று அடிக்குக் களையைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். அநேகமான கன்றுகள் அதோடு தேறிவிடும்.

2. வேர்: வாடிய கன்று ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். பொலித்தீன் பையிலேயே சுருண்ட வேர், நடும்போது மடங்கிய வேர், கறையான் அரித்த வேர், புழு கடித்த வேர், தண்ணீர் தேங்கி அழுகிய வேர் என்று பல வகை உண்டு. வேர் இல்லாத கன்றுக்கு மூட்டை மூட்டையாக உரம் போட்டும் பயனில்லை.

3. பனியும் குளிரும்: நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும். அது பள்ளமான இடங்களில் ஒரே இரவில் இளம் நுனிகளைக் கருக்கிவிடும். சத்துக் குறை அப்படி ஒரே இரவில் வராது. கிழமைக் கணக்கில் மெதுவாக வரும். குளிர் காலத்தில் இலை ஊதா நிறம் காட்டுவதும் உண்டு. வெயில் வந்ததும் அது மாறினால் பயப்படத் தேவையில்லை.

4. களைக்கொல்லி: பக்கத்து மலையில் அடித்த மருந்து காற்றில் வந்து பட்டால், புதிய இலைகள் நாடா போல ஒடுங்கி, ஒரே இடத்தில் கொத்தாக வரும். இது சத்துக் குறை போலவே தோன்றும். அண்மையில் எங்கே மருந்து அடித்தார்கள் என்று கேட்டறியுங்கள்.

5. பூச்சியும் பூஞ்சணமும்: இவை ஒரு இலையில் இங்கொரு புள்ளி, அங்கொரு ஓட்டை என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். சத்துக் குறையின் அடையாளமோ நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மரத்துக்கு மரமும் அதே அடையாளம் தெரியும்.

இன்னொரு விடயம். டர்பன்டைன் மரத்தின் புதுத் துளிர் இயல்பாகவே சிவப்புச் சாயலாக இருப்பதுண்டு. அது நோய் அல்ல.

பாடம் 2: கிழட்டு இலையா, கொழுந்து இலையா?

இதுதான் முக்கியமான பாடம். அந்த அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதுதான்.

வீட்டில் சோறு குறைந்தால் தாய் என்ன செய்வாள்? தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பாள். மரமும் அப்படித்தான். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மக்னீசியம் ஆகிய நான்கும் மரத்துக்குள் நடமாடக்கூடிய சத்துக்கள். மண்ணில் இவை குறைந்தால் மரம் கிழட்டு இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே அடியில் உள்ள பழைய இலைதான் முதலில் நோகும்.

கல்சியம், போரன், இரும்பு, செம்பு, நாகம் போன்றவை அப்படி இலகுவில் நகர மாட்டா. ஒரு தடவை ஒரு இலையில் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மண்ணிலிருந்து வருவது குறைந்தால் புதிதாக வரும் கொழுந்துக்குத்தான் பட்டினி. ஆகவே நுனிதான் முதலில் நோகும்.

மரத்தின் முன்னால் நின்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி "நோவு அடியிலா, நுனியிலா?" என்பதே. கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்கு இது புதிதல்ல. கொழுந்தையும் முற்றல் இலையையும் பிரித்துப் பார்க்கும் கண் அவர்களுக்கு உண்டு. அந்தக் கண்ணால் டர்பன்டைன் மரத்தையும் பார்த்தால் போதும்.

அடி இலையில் தெரியும் குறைகள்

நைதரசன்: அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகும். சில வேளை சிறிய சிவப்புப் புள்ளிகளும் விழும். பிறகு இலை உதிரும். மரத்தின் தலை மெலிந்து, ஊடாக வானம் தெரியும். மண் அரித்துப்போன மேட்டிலும் புல் அடர்ந்த இடத்திலும் இது அதிகம்.

பொசுபரசு: மரம் குட்டையாக நிற்கும். இலை சிறுத்துக் கரும்பச்சையாக இருக்கும். அடி இலையில் ஊதா அல்லது செந்நிறம் படரும். நட்ட முதல் வருடத்தில், வேர் பரவும் முன்னர் இக்குறை அதிகம் தெரியும். நம் நாட்டு எப்பாவல பொசுபேற்று மெதுவாகக் கரைவது. ஆகவே நடும் குழியிலேயே மண்ணோடு கலந்து போடுவது நல்லது.

பொற்றாசியம்: அடி இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கிக் கருகும். நடுப்பகுதி பச்சையாக இருக்கும். வறட்சியிலும் ஓரம் கருகலாம். ஆனால் வறட்சியில் மரம் முழுவதும் வாடித் தொங்கும்.

மக்னீசியம்: அடி இலையில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். நடுநரம்பை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். மழை அதிகம் பெய்து சத்துக் கழுவுண்ட புளிப்பு மண்ணில் இது வரும். பொற்றாசிய உரத்தை அளவுக்கு மீறிப் போட்டாலும் மக்னீசியம் ஏறாமல் தடைப்படும். தேயிலை மலைக்குப் போடும் டொலமைட்டில் மக்னீசியமும் கல்சியமும் உண்டு.

நுனியில் தெரியும் குறைகள்

கந்தகம்: புது இலைகள் ஒரே சீராக வெளிறும். பார்வைக்கு நைதரசன் குறை போலவே இருக்கும். ஆனால் இது நுனியில் தொடங்கும். நைதரசன் குறை அடியில் தொடங்கும். எந்த இடத்தில் தொடங்குது என்று பார்க்காவிட்டால் இரண்டையும் மாறி விளங்கிக்கொள்வோம்.

இரும்பு: புது இலை மஞ்சளாகி, கடுமையானால் வெள்ளையாகும். நரம்புகள் மட்டும் பச்சை வலை போலத் தெரியும். நம் புளிப்பு மண்ணில் இது குறைவு. பழைய லயம் இடித்த இடம், சுண்ணாம்பு கொட்டிய இடம், சாம்பலை மலையாகக் குவித்த இடம் ஆகியவற்றில் காணலாம்.

கல்சியம்: இளம் இலைகளின் ஓரம் சுருண்டு உருக்குலையும். பிறகு நுனிமொட்டு செத்துவிடும்.

நாகம்: இலைகள் சிறுத்து, நெருக்கமாக ஒரே இடத்தில் கொத்தாக வரும்.

செம்பு: இளம் தண்டு நேராக நிற்காமல் வளைந்து முறுகும். கிளைகள் தொங்கும்.

போரன்: நாங்கள் கோட்டைவிட்டது இதைத்தான். இளம் இலை தடித்து இலகுவில் முறியும். அடிப்பக்க நரம்பு தக்கை போலத் தடிக்கும். வறண்ட காலத்தில் நுனி காயும். பிறகு பல துளிர்கள் போட்டி போட்டுக் கிளம்பி மரம் பற்றையாகும். மண் காய்ந்தால் போரன் வேருக்கு வந்து சேராது. அதனால்தான் வறட்சியில் இக்குறை தலைகாட்டுகிறது. மேற்குப் பக்கத்து மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரையும் விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோவு அல்ல. ஆபிரிக்காவின் சாம்பியாவிலும், தென் அமெரிக்காவின் பிரேசிலிலும் நட்ட யூக்கலிப்டஸ் காடுகளில் வறட்சிக் காலத்தில் நுனி காய்வதற்குப் போரன் குறையே காரணம் என்று பல வருடங்களுக்கு முன்னரே கண்டிருக்கிறார்கள். அவர்கள் படித்துவிட்ட பாடத்தை நாம் மறுபடியும் நட்டப்பட்டுப் படிக்கத் தேவையில்லை.

போரன் கொடுப்பதற்கு வெங்காரம் உதவும். ஆனால் கவனம்! இளம் மரம் ஒன்றுக்கு வருடத்துக்குப் பத்து முதல் இருபது கிராம் வரைதான். மணல் மண் என்றால் அதிலும் குறைவு. ஒரு பிடி அள்ளிப் போட்டால் அது மருந்தல்ல, நஞ்சு. இலை ஓரமெல்லாம் கருகிவிடும். ஆகவே வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்காமல், தராசில் நிறுக்காமல் யாரும் போட வேண்டாம். சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும் அவசியம்.

பாடம் 3: கண் சொன்னதை உறுதி செய்வது

கண்ணால் பார்ப்பது முதற்படி மட்டுமே. இரண்டு குறைகள் ஒன்றாக இருந்தால் அனுபவசாலியின் கண்ணும் ஏமாறும். ஆகவே உறுதி செய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி இலைப் பரிசோதனை. நோயுள்ள மரங்கள் பத்திலிருந்தும் நல்ல மரங்கள் பத்திலிருந்தும் தனித்தனியாக இலை எடுக்க வேண்டும். வெயில் படும் மேல் கிளையில், முழுமையாக விரிந்த இலைகளில் ஆக இளையதை எடுங்கள். எல்லா மரத்திலும் அதே இடத்து இலையாக இருக்க வேண்டும். மண் ஒட்டிய இலை, பூச்சி கடித்த இலை வேண்டாம். பொலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். கடதாசி உறையில் போட்டு, இடம், திகதி, "நோயுள்ளது", "நல்லது" என்று எழுதுங்கள். அதே இடத்தில் எட்டு அங்குல ஆழம் வரை உள்ள மேல் மண்ணிலும் கொஞ்சம் எடுங்கள். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். தேயிலை மலைக்கு மண் பரிசோதிப்பது போல மரத்துக்கும் எங்கே, எப்படிச் செய்விக்கலாம் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இரண்டாவது வழி வரிசைப் பரீட்சை. செலவு குறைந்தது. சந்தேகப்படும் சத்தை ஒரு வரிசையில் பத்து மரத்துக்கு மட்டும் கொடுங்கள். பக்கத்து வரிசையில் பத்து மரத்துக்குக் கொடுக்காமல் விடுங்கள். இரண்டு வரிசைக்கும் களை எடுப்பது ஒரே மாதிரி இருக்கட்டும். சில மாதங்களில், புதிதாக வரும் இலையைப் பார்த்து ஒப்பிடுங்கள். பழைய இலையைப் பார்க்க வேண்டாம். கருகிய இலை மறுபடியும் பச்சையாகாது. கொடுத்த வரிசை தேறினால் முழு மலைக்கும் கொடுக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நம் ஊகம் பிழை. பத்து மரத்தோடு நட்டம் நின்றது என்று சந்தோஷப்படுங்கள்.

எந்த உரத்தையும் தண்டை ஒட்டிக் கொட்டக் கூடாது. ஈரமான மண்ணில், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகத் தூவி மண்ணால் மூட வேண்டும்.

மண் ஏன் பட்டினி கிடக்கிறது?

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விடயம். ஆனால் சொல்லாமல் விட முடியாது.

நாம் டர்பன்டைன் காட்டில் விழுந்த இலையையும் சருகையும் கூட்டி அள்ளி அடுப்பு மூட்டுகிறோம். மரம் வெட்டும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகிறோம். மரத்தின் கல்சியத்தில் பெரும் பங்கு பட்டையில் இருக்கிறது. நைதரசனும் பொசுபரசும் இலையில்தான் செறிவாக இருக்கின்றன. கட்டையில் சத்து மிகக் குறைவு. அதாவது, கட்டையை எடுப்பதால் மண்ணுக்கு வரும் நட்டம் கொஞ்சம். இலையையும் பட்டையையும் எடுப்பதால் வரும் நட்டம் அதிகம். பல வருடம் தேயிலை இருந்து களைத்துப்போன மண்ணில் இதுவும் சேர்ந்தால் அடுத்த முறை நடும் கன்று எப்படி எழும்பும்?

அதற்காக "சருகு பொறுக்காதீர்கள்" என்று கட்டளையிட எங்களுக்கு மனம் வரவில்லை. மழையில் நனைந்த விறகோடு, காலையில் பிரட்டுக்கு முன்னர் பிள்ளைக்குத் தேத்தண்ணீர் வைக்கப் போராடும் தாயின் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு நடுவழியைச் சொல்கிறோம்.

பெருவிரல் பருமனுக்கு மேலே உள்ளது அடுப்புக்கு. அதற்குக் கீழே உள்ளது மண்ணுக்கு.

கிளையை எடுங்கள், இலையை அந்த இடத்திலேயே உதறிவிட்டு வாருங்கள். மரம் வெட்டினால் பட்டையை அங்கேயே உரித்துப் பரப்பிவிடுங்கள். ஆனால் லயத்தை ஒட்டிய ஓரத்திலும் நடைபாதையிலும் மட்டும் சருகைச் சுத்தமாகக் கூட்டுங்கள். வறட்சிக் காலத்தில் தீ பரவாமல் இருக்க அது அவசியம். கூட்டிய அந்தச் சருகு உங்கள் அடுப்புக்கு.

அடுப்புச் சாம்பலை ஓடையில் கொட்டாதீர்கள். சாம்பலில் பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம், கொஞ்சம் பொசுபரசு, சொற்பமாகப் போரனும் உண்டு. நைதரசனும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஆறிய சாம்பலை ஒரு கன்றுக்கு ஒரு சிரட்டை வீதம், வருடத்தில் இரண்டு தடவை, சுற்றித் தூவலாம். ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம். யூரியாவோடும் சல்பேற்று உரத்தோடும் கலக்க வேண்டாம். நைதரசன் ஆவியாகிப் போய்விடும். தேயிலைச் செடிக்குப் போடவே வேண்டாம், அது புளிப்பு மண்ணை விரும்புவது. பொலித்தீன் எரித்த சாம்பல் எதற்கும் உதவாது.

"நம்ம மரமா இது? தோட்டத்து மரம்தானே. நாம ஏன் மெனக்கெடணும்?" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காணி நம் பெயரில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மரத்தின் கிளைதான் நம் அடுப்பில் எரிகிறது. மரம் மெலிந்தால் விறகுக்காகப் பெண்கள் இன்னும் ஒரு மேடு தாண்டி நடக்க வேண்டும். நடும் முன்னரே நிர்வாகத்தோடு பேசி, கிளை யாருக்கு, பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு உதவுவது எங்கள் கடமை. எழுத்தில் இருந்தால் மெனக்கெடவும் மனம் வரும்.

பயிற்சிக் கேள்விகள்

பிள்ளைகளோடு சேர்ந்து யோசித்துப் பாருங்கள். விடைகளைக் கீழே தந்திருக்கிறோம்.

1. அடி இலை ஒரே சீராக மஞ்சள், நுனி பச்சை, சுற்றி இடுப்பளவு மானாப்புல். முதலில் என்ன செய்வீர்கள்?

2. பள்ளத்தில் இருந்த கன்றுகள் மட்டும் ஒரே இரவில் நுனி கருகின. மேட்டில் உள்ளவை நன்றாக இருக்கின்றன. இது போரன் குறையா?

3. வறட்சியில் நுனி மெதுவாகக் காய்கிறது. இளம் இலை முறிகிறது. அடி இலை பச்சை. யூரியா போடலாமா?

4. அடி இலையில் நடுநரம்பை ஒட்டிப் பச்சை, நரம்புகளுக்கிடையே மஞ்சள். எந்தச் சத்து?

விடைகள்: 1. நைதரசன் குறைதான், ஆனால் முதலில் களை எடுக்க வேண்டும், உரம் பிறகு. 2. இல்லை, உறைபனி. 3. கூடாது. போரன் குறையாக இருக்கலாம். இலைப் பரிசோதனை செய்ய வேண்டும். 4. மக்னீசியம்.

நான்குக்கும் சரியாகச் சொன்னவர்கள், கிட்டப்போய்ப் பார்க்காமல் யூரியா போட்ட எங்களை விடக் கெட்டிக்காரர்கள்.

கடைசியாக

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்துப் பக்கம் உள்ள டர்பன்டைன் கன்றுகளைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ஒரு அடி இலை, ஒரு நுனி இலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த இரண்டு இலைகளையும் கடதாசியில் சுற்றி, நாங்கள் தோட்டத்துக்கு வரும் நாளில் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம். முக்கியமாக, கொழுந்தெடுக்கும் அம்மாமாரையும் அக்காமாரையும் கேளுங்கள்.

அந்த மலையில் போரன் கொடுத்த பிறகு எழும்பிய நேரான மரங்கள் இன்று லயத்துக் கூரையைத் தாண்டி நிற்கின்றன. எண்ணிக்கை குறைவுதான். எங்களைத் திருத்திய அந்த அம்மா இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாகக் கன்று நடும் போதெல்லாம் இலை பார்க்க அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறோம்.